கசடுத் தொட்டி ‘பழகிவிட்டது’ என்றால் என்ன அர்த்தம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

கழிவுநீர்க் கசடிலிருந்து எரிவாயு எடுப்பது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை, அந்தத் தொழில்நுட்பத்தின் அருமையைச் சரியாகவே சொல்லியிருக்கிறது. ஆனால் அதில் ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. தொட்டியில் செரித்து வெளியே வரும் கசடு பாதுகாப்பான உரமாகிவிடுகிறது என்ற வரி. அப்படிப்பட்ட தொட்டிகளின் ஆய்வுக்கூடத்தில் பல வருடம் வேலை பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன், அந்த வரியை அப்படியே விட்டுவிடக் கூடாது. கழிவோடு வரும் ஆன்டிபயாடிக் மருந்துகளும் அவற்றுக்கு அடங்காத பாக்டீரியாக்களும் அந்தக் கசடில் இருக்கலாம் என்பதுதான் காரணம். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தத் தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. காற்றே புகாத பெரிய தொட்டி, உள்ளே 35 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பம். கழிவுநீர் தெளியும்போது அடியில் தங்கும் கசடு இதற்குள் போய் 15 முதல் 30 நாள் வரை கிடக்கிறது. வெளியே நின்று பார்த்தால் ஏதோ இயந்திரம் மாதிரி இருக்கும். வேலை முழுவதையும் செய்வது உயிர்கள்தான். ஒரு கூட்டம் கொழுப்பு, புரதம், நார் போன்ற பெரிய பொருள்களைக் கரைத்துச் சிறு துண்டுகளாக்குகிறது. அடுத்த கூட்டம் அவற்றைப் புளிக்கவைத்துப் புரோப்பியோனிக், பியூட்டிரிக் போன்ற அமிலங்களாக மாற்றுகிறது. மூன்றாவது கூட்டம் அந்த அமிலங்களை அசிட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் உடைக்கிறது. கடைசிக் கூட்டம் இவற்றைத் தின்று மீத்தேனை வெளியே விடுகிறது. கசடிலுள்ள கரிமப்பொருளை, அதை எரித்துத் தீர்க்க வேண்டிய ஆக்சிஜனின் எடையாகச் சொல்லும் அளவு சி.ஓ.டி.; அதில் ஒரு கிலோ அழிந்தால் சுமார் 350 லிட்டர் மீத்தேன் கிடைக்க வேண்டும் என்பது கணக்கு. ஆக்சிஜன் ஊத வேண்டியதில்லை, அதனால் மின்சாரம் மிச்சம், கசடும் குறைகிறது, போதாததற்கு எரிபொருளும் கிடைக்கிறது. இதைவிட நல்ல வழி ஒன்று கழிவுநீர்த் துறையில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இதில் மூன்றாவது கூட்டத்தின் பிழைப்புதான் பாவம். புரோப்பியோனிக் அமிலத்தை உடைத்தால் கிடைக்கும் சக்தி மிகச் சொற்பம், அதுவும் சுற்றிலும் ஹைட்ரஜன் ஏறக்குறைய இல்லவே இல்லை என்ற நிலையில்தான் கிடைக்கும். அந்த ஹைட்ரஜனை உடனுக்குடன் தின்று தீர்ப்பது கடைசிக் கூட்டம். அதற்கோ இவர்கள் கொடுத்தால்தான் சாப்பாடு. ஒருவரை விட்டு ஒருவர் ஒரு நாள்கூடத் தாங்க முடியாத கூட்டு இது. இரண்டு தரப்புமே மெதுவாக வளர்பவை. மற்ற பாக்டீரியாக்கள் மணிக்கணக்கில் இரட்டிப்பாகும்போது அசிட்டிக் அமிலம் தின்று மீத்தேன் விடும் சில வகைகளுக்கு நாள்கணக்கில் ஆகும். அதனால் இங்கே ஒரு அடி விழுந்தால் எழுந்திருக்க வாரங்கள் பிடிக்கும்.

சரி, இந்தக் கூட்டுக்குள் ஆன்டிபயாடிக் வந்தால் என்ன ஆகும்? மீத்தேன் விடும் உயிர்கள்தான் முதலில் சாகும் என்று பலரும் நினைக்கிறார்கள், நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தேன். அவை பாக்டீரியாவே இல்லை. ஆர்க்கியா என்ற தனிக் கிளையைச் சேர்ந்தவை, 1977-இல்தான் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் அதைக் காட்டினார்கள். பென்சிலின் வகை மருந்துகள் பாக்டீரியாவின் செல்சுவர் உருவாவதைக் கெடுத்துத்தான் அதைக் கொல்கின்றன. அந்தச் சுவர்ப்பொருளே ஆர்க்கியாவில் கிடையாது. ஆகவே அவற்றை அந்த மருந்து நேரடியாகத் தொடுவதில்லை. அடி விழுவது அவற்றுக்குச் சாப்பாடு கொடுக்கும் இடைக்கூட்டத்தின் மேல். டெட்ராசைக்ளின், டைலோசின், எரித்ரோமைசின் போன்றவை அதிகமாக வந்தால் புரோப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்களை உடைக்கும் பாக்டீரியாக்கள் சுணங்கிப்போகின்றன, அமிலம் தேங்குகிறது, தேங்கிய அமிலம் காரத்தன்மையைத் தின்றுவிட்டு பி.எச். அளவை இறக்குகிறது, பி.எச். 6.5-க்குக் கீழே போனதும் மருந்து தொடாத ஆர்க்கியாவும் சேர்ந்து படுத்துவிடுகிறது. எரிவாயு நிற்பது கடைசியில் வரும் அறிகுறி. நோய் அதற்குப் பல நாள் முன்பே தொடங்கியிருக்கும்.

எங்கள் தொட்டி ஒன்றிலேயே இதைப் பார்த்தேன். ஒரு வாரத்தில் எரிவாயு பாதியாகிவிட்டது. வெப்பமூட்டியைப் பார்த்தோம், கலக்கியைப் பார்த்தோம், இரண்டும் சரியாகவே ஓடிக்கொண்டிருந்தன. ஆய்வுக்கூடத்தில் அமிலத்துக்கும் காரத்தன்மைக்கும் உள்ள விகிதம் எப்போதும் 0.2-ஐ ஒட்டியே இருக்கும், அது 0.6-ஐத் தாண்டியிருந்தது. தேங்கியதில் பெரும்பங்கு புரோப்பியோனிக் அமிலம். உள்ளே போகும் சரக்கு ஒவ்வொன்றாக விசாரித்தபோதுதான் தெரிந்தது, டேங்கர் லாரியில் சாணக் கரைசல் அனுப்பிவந்த ஒரு பெரிய கால்நடைப் பண்ணையில் மந்தை முழுவதற்கும் காய்ச்சல் கண்டு, தீவனத்தோடு மருந்து கலந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவும் இல்லை, ஏனென்றால் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரியே கிடையாது. மருந்து மாட்டுக்குள் போவதோடு கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். டெட்ராசைக்ளின் வகை மருந்துகளில் பெரும்பகுதி உடலுக்குள் உடையாமல் அப்படியே வெளியே வந்துவிடும்.

அந்தச் சரக்கை நிறுத்தினோம், தீனியைக் குறைத்தோம், காரம் சேர்த்தோம், வேறு தொட்டியிலிருந்து நல்ல கசடைக் கொண்டுவந்து ஊற்றினோம். எரிவாயு பழைய அளவுக்கு வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அதன் பிறகு அதே பண்ணையிலிருந்து மறுபடியும் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க ஆரம்பித்தோம், இந்த முறை தொட்டி அசையவில்லை. “தொட்டி பழகிவிட்டது” என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லும் வார்த்தை அது, நல்ல செய்தியாகத்தான் சொல்வோம், அன்றைக்கு எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

எப்படிப் பழகியது என்ற கேள்வி எனக்கு மிகவும் தாமதமாகத்தான் வந்தது.

நுண்ணுயிர்க் கூட்டம் ஒன்று மருந்துக்குப் பழகுவதற்குச் சில வழிகள்தான் உண்டு. மருந்தை உடைத்துத் தின்னக்கூடியவை பெருகலாம், மருந்து கசடில் ஒட்டிக்கொண்டு கூர்மை இழக்கலாம், இவை இரண்டும் நல்லதுதான். மூன்றாவது வழி, மருந்துக்கு அஞ்சாத பாக்டீரியாக்கள் மட்டும் தப்பிப் பிழைத்து இடத்தைப் பிடித்துக்கொள்வது. அந்த அஞ்சாமைக்குக் காரணமான மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற சிறு வளையத்தில் இருக்கும், அதை ஒரு பாக்டீரியா பக்கத்தில் இருக்கும் இன்னொன்றுக்குக் கொடுக்க முடியும், அது வேறு இனமாக இருந்தாலும் சரி. ‘பழகிவிட்டது’ என்று நாங்கள் சந்தோஷப்பட்டதில் ஒரு பங்கு இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். எரிவாயு மீட்டர் இதைக் காட்டாது. சி.ஓ.டி. சோதனையும் காட்டாது. தொட்டி எவ்வளவு நன்றாக ஓடுகிறது என்பதற்கு நாங்கள் வைத்திருந்த அளவுகோல் ஒன்றுகூட இதைக் காட்டாது.

யோசித்துப் பாருங்கள், அந்தத் தொட்டியின் வெப்பம் 35 முதல் 37 டிகிரி, நம் உடம்பின் வெப்பத்தை ஒட்டியது. உள்ளே வருபவற்றில் நம் குடலிலிருந்து வந்த பாக்டீரியாக்கள் ஏராளம். ஒரு சொட்டுக் கசடில் கோடிக்கணக்கில் நெருக்கியடித்துக்கொண்டு வாரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றோடு கூடவே கொல்லப் போதாத அளவில் மருந்து. கொல்லப் போதாத அளவு மருந்தில் பாக்டீரியாவை விட்டுவைத்தால் அது எதிர்க்கக் கற்றுக்கொள்ளும் என்று பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945-ஆம் ஆண்டு நோபல் உரையிலேயே எச்சரித்தார். அவர் சொன்னது ஆய்வுக்கூடத்தையும் நோயாளியின் உடம்பையும் பற்றி. கசடுத் தொட்டியில் அதே நிலைமை ஆண்டு முழுவதும் இருக்கிறது. 2019-இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியா நேரடிக் காரணமாகி உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக 2022-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் மதிப்பீடு வெளியானது. அதில் கழிவுநீரின் பங்கு இவ்வளவு என்று நான் சொல்ல வரவில்லை. பங்கே இல்லை என்பதுபோல நடந்துகொள்ளக் கூடாது என்று சொல்கிறேன்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். வீடுகளிலிருந்து வரும் சாதாரணக் கழிவுநீரில் ஆன்டிபயாடிக் இருப்பது லிட்டருக்கு நானோகிராம், மைக்ரோகிராம் கணக்கில். தொட்டியின் எரிவாயு குறையவேண்டுமானால் பெரும்பாலான மருந்துகளுக்கு லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் வேண்டும். அதனால் ஊர்க் கழிவுநீரை வாங்கும் தொட்டி மருந்தால் படுத்துவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். அப்படி நடப்பது மருந்துத் தொழிற்சாலை, பெரிய கால்நடைப் பண்ணை, சில நேரம் மருத்துவமனை இவற்றின் கழிவு தனியாக, அடர்த்தியாக வந்து விழும் இடங்களில். ஹைதராபாத் அருகே பட்டன்செருவில் மருந்து ஆலைகளின் கழிவுநீரை வாங்கிச் சுத்திகரித்த ஒரு நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்தது என்று 2007-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. மாத்திரை சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம் அது, அதுவும் சுத்திகரித்த பிறகு! ஆனால் பாக்டீரியாவிடம் மருந்தை எதிர்க்கும் சக்தி வளர இவ்வளவெல்லாம் வேண்டியதே இல்லை. சிப்ரோஃப்ளாக்சசினுக்கு லிட்டருக்கு 0.06 மைக்ரோகிராமை ஒட்டிய அளவைத் தாண்டினாலே எதிர்ப்புள்ள பாக்டீரியாவுக்குச் சாதகம் தொடங்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இந்த அளவுக்கும் எரிவாயுவைக் குறைக்கும் அளவுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான மடங்கு இடைவெளி, அந்த இடைவெளி முழுவதும் தொட்டி ஆரோக்கியமாகவே தெரியும். நான் பயப்படுவது இந்த இடத்தைப் பார்த்துத்தான், படுத்துவிட்ட தொட்டியைப் பார்த்து இல்லை. படுத்த தொட்டியை யாராவது கவனிப்பார்கள்.

“சுத்திகரிப்பில் மருந்து 80 சதவீதம் நீங்கியது” என்று அறிக்கைகளில் படித்தால் எங்கே போய் நீங்கியது என்று கேளுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின், நார்ஃப்ளாக்சசின் எல்லாம் நீரில் குறைவதற்குப் பெரும் காரணம் அவை கசடில் ஒட்டிக்கொள்வதுதான். காற்றில்லாத தொட்டியில் அவை அவ்வளவாக உடைவதும் இல்லை. டெட்ராசைக்ளின் கால்சியம், மெக்னீசியத்தோடு சேர்ந்து கசடில் பதிந்துகொள்கிறது. சல்ஃபாமெத்தாக்சசோல் நேர்மாறு, நீரோடு போகும், ஆனால் காற்றில்லாத இடத்தில் நன்றாகவே உடைகிறது, டிரைமெத்தோபிரிமும் அப்படித்தான், இது காற்றில்லா முறைக்குப் பெருமை. அப்புறம் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் உடம்பு சல்ஃபாமெத்தாக்சசோலின் ஒரு பகுதியை வேறு வடிவத்துக்கு மாற்றி வெளியே அனுப்புகிறது, சுத்திகரிப்பின்போது பாக்டீரியாக்கள் அதைத் திரும்பவும் பழைய மருந்தாகவே ஆக்கிவிடுகின்றன. அதனால் சில நேரம் உள்ளே வந்ததைவிட வெளியே போவது அதிகமாகத் தெரியும். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபைன் எதற்கும் அசையாமல் வந்த வழியே போய்விடும்.

மருந்து மட்டும்தான் குற்றவாளி என்று நினைத்துவிடக் கூடாது. கிருமிநாசினிகளில் இருக்கும் பென்சால்கோனியம் குளோரைடு போன்ற குவாட்டர்னரி அம்மோனியச் சேர்மங்கள் கசடில் கெட்டியாக ஒட்டிக்கொள்பவை. காற்றுள்ள இடத்தில் உடைந்தாலும் காற்றில்லாத தொட்டியில் பெரும்பாலும் உடைவதில்லை, அளவு கூடினால் மீத்தேன் உற்பத்தியையே நிறுத்திவிடும். கொரோனா காலத்தில் எல்லா இடத்திலும் இவற்றைத்தான் தெளித்தோம், துடைத்தோம், அதெல்லாம் சாக்கடை வழியாக எங்கே வந்து சேர்ந்திருக்கும்? இதைவிடக் கவலையானது என்னவென்றால், பாக்டீரியாக்களுக்குள் மரபணுக்களைச் சேர்த்துக் கோத்து வைக்கும் முதல் வகை இன்டெக்ரான் என்ற அமைப்பில், இந்தக் கிருமிநாசினிக்கு எதிரான மரபணுவும் சல்ஃபா மருந்துக்கு எதிரான மரபணுவும் பக்கத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றுக்காகத் தப்பித்தது மற்றதையும் சுமந்துகொண்டே பெருகும். தரையைத் துடைக்கும் திரவம் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவை வளர்ப்பது இப்படித்தான். துத்தநாகம், செம்பு போன்ற உலோகங்களும் இதே வேலையைச் செய்கின்றன. பன்றிக்குட்டிகளுக்கு மருந்தளவில் துத்தநாக ஆக்சைடு கொடுப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் நிறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

உலோகத்தைப் பற்றிச் சொல்லும்போது நிக்கலைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மீத்தேன் விடும் ஆர்க்கியாவின் முக்கியமான ஒரு நொதிக்கு நிக்கல் இல்லாமல் முடியாது, துளி நிக்கல் இல்லாவிட்டால் தொட்டி சோர்ந்துவிடும், கூடினால் அதுவே விஷம். குளோரோஃபார்ம் போன்ற குளோரின் கரைப்பான்களோ லிட்டருக்கு ஓரிரு மில்லிகிராம் வந்தாலே மீத்தேன் உற்பத்தியைப் பலமாக அடித்துவிடும், அவை ஆர்க்கியாவையே நேராகத் தாக்குபவை.

கால்நடைத் தீவனத்தில் கலக்கும் மொனென்சின் இன்னொரு உதாரணம். மாட்டின் இரைப்பையும் காற்றில்லாத செரிமானத் தொட்டிதான், அதே அமிலங்கள், அதே ஆர்க்கியா. உள்ளே மீத்தேனாகப் போகும் சக்தியை மிச்சம் பிடித்து மாட்டைக் கொழுக்க வைப்பதற்கென்றே மொனென்சின் கொடுக்கிறார்கள். அந்த மாட்டின் சாணத்தைக் கொண்டுவந்து எரிவாயுத் தொட்டியில் போட்டுவிட்டு மீத்தேன் ஏன் குறைகிறது என்று கேட்டால் என்ன சொல்வது? மருந்து தன் வேலையைத்தான் செய்கிறது. ஐரோப்பாவில் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை, மாடுகளுக்கான மொனென்சின் உட்பட, 2006 தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டார்கள்.

விதிகளைப் பாருங்கள். கசடை வயலில் இடுவதற்கு அமெரிக்கா 1993-இல் போட்ட விதிகள் உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்படுபவை. அவை உலோகங்களைப் பார்க்கின்றன, நோய்க்கிருமிகளைப் பார்க்கின்றன, ஈயை ஈர்க்கும் அழுகல் எவ்வளவு என்று பார்க்கின்றன. ஆன்டிபயாடிக் எவ்வளவு, எதிர்ப்பு மரபணு எவ்வளவு என்ற கேள்வியே அவற்றில் இல்லை. 1993-இல் கேட்காமல் விட்டதைக் குற்றம் சொல்ல முடியாது. இன்றைக்கும் கேட்காமல் ‘பாதுகாப்பானது’ என்று முத்திரை குத்துவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஆன்டிபயாடிக் தயாரிக்கும் ஆலைகளின் கழிவுநீரும் திடக்கழிவும் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2024-இல்தான் முதல் வழிகாட்டியை வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் அதே ஆண்டு திருத்திய கழிவுநீர்ச் சட்டத்தில், நுண்மாசுகளை நீக்கும் கூடுதல் சுத்திகரிப்புச் செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுப்பொருள் உற்பத்தியாளர்களே ஏற்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். யார் போடுகிறார்களோ அவர்களே துடைக்க வேண்டும் என்பது எனக்குச் சரியாகத்தான் படுகிறது. ஆனால் அந்தக் கூடுதல் சுத்திகரிப்பு நீருக்கானது, கசடுக்கு இல்லை.

கசடை வைத்து என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். 55 டிகிரியில் ஓடும் தொட்டிகள் 35 டிகிரித் தொட்டிகளைவிட எதிர்ப்பு மரபணுக்களைப் பொதுவாக அதிகம் குறைக்கின்றன, எல்லா மரபணுக்களிலும் ஒரே மாதிரி இல்லை என்றாலும். தொட்டிக்குள் அனுப்புவதற்கு முன்பே 160 டிகிரிக்கு மேல் அழுத்தத்தில் அரை மணி நேரம் வேகவைக்கும் முறையில் கிருமிகளும் மரபணுக்களும் வெகுவாகக் குறையும், எரிவாயுவும் கூடும், ஆனால் பிறகு தொட்டிக்குள் போனதும் சில மரபணுக்கள் மறுபடி தலைதூக்குகின்றன. உள்ளே தயாராக இருக்கும் கூட்டத்தில் அவை ஏற்கெனவே இருப்பதுதான் காரணம். செரித்த கசடை நன்றாகச் சூடேறும்படி மக்கவைத்த பிறகு இடுவது ஓரளவு உதவுகிறது. கரித்துகளைத் தொட்டியில் சேர்த்தால் நச்சுகளை அது பிடித்து வைத்துக்கொள்கிறது, நுண்ணுயிர்களுக்குள் எலக்ட்ரான் கைமாறவும் உதவுகிறது, ஆனால் பிடித்த நச்சு கரியோடு சேர்ந்து கசடிலேயேதான் இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

தொட்டிக்குப் பின்னால் செய்வதைவிட முன்னால் செய்வதுதான் சுலபம் என்று நான் நம்புகிறேன். மருந்து ஆலையின் அடர்த்தியான கழிவை ஊர்ச் சாக்கடையில் கலந்து நீர்த்துப்போகச் செய்துவிட்டால் பிறகு அதைப் பிரித்தெடுப்பது மிகவும் கடினம், கலக்கும் முன்பே அங்கேயே ஓசோனோ வேறு வழியோ வைத்து உடைத்துவிட முடியும். மந்தைக்கு மருந்து கொடுக்கும் பண்ணை அந்த நாள்களின் சாணத்தைத் தனியே தேக்கி வைத்துவிட்டு, எந்த மருந்து, எத்தனை நாள் என்று தொட்டி நடத்துபவரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்களுக்கு அன்றைக்கு அந்த ஒரு துண்டுச்சீட்டு வந்திருந்தால் இரண்டு மாத எரிவாயு போயிருக்காது. வீட்டில் மிச்சமான மாத்திரைகளைக் கழிப்பறையில் கொட்டாமல் இருப்பது நம் எல்லோராலும் முடியும், மருந்துகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இருக்கும் இடத்தில் அங்கே கொடுக்கலாம்.

இன்னொன்று, அளப்பது. சல்ஃபா மருந்தை எதிர்க்கும் சல்-1, முதல் வகை இன்டெக்ரானைக் காட்டிக்கொடுக்கும் இன்ட்-1 என்று இரண்டு மரபணுக்களைக் கசடில் எண்ணிப் பார்த்தாலே நிலைமை எந்தப் பக்கம் போகிறது என்று ஓரளவு தெரிந்துவிடும். கொரோனா காலத்தில் சாக்கடை நீரில் வைரஸைத் தேடுவதற்காகப் பி.சி.ஆர். கருவிகளைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டோமே, அதே கருவிகள்தான் இதற்கும் வேண்டும். உள்ளே போகும் கசடில் ஒன்று, வெளியே வரும் கசடில் ஒன்று, மாதம் ஒரு முறை.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். காற்றில்லாத் தொட்டிகளைப் பற்றித் தொடர்ந்து எழுதுங்கள், அவை இன்னும் நிறைய வேண்டும். அடுத்த முறை ஒரு நிலையத்துக்கு உங்கள் நிருபர் போகும்போது, எவ்வளவு எரிவாயு வருகிறது என்று கேட்டு எழுதிக்கொண்ட பிறகு, வெளியே வரும் கசடில் மருந்தும் எதிர்ப்பு மரபணுவும் எவ்வளவு என்றும் கேட்கச் சொல்லுங்கள். அளக்கவில்லை என்று அவர்கள் பதில் சொன்னால் அதையும் அப்படியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
கசடுத் தொட்டிகளோடு பல வருடம் வேலை பார்த்த உங்கள் வாசகர்